கடைசி வரிசைத் தமிழ்

எங்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. அதனால்தான் என்னைத் தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இந்தக் காரணத்தைக் கேட்டு மலாக்காவில் இருந்த தமிழர்கள் அப்போது சிரித்தார்கள். இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குப் பயந்திருந்தால் இதை நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாங்கள் மலாக்கா செட்டிகள். காஜா பெராங்கில் கோயில்களைச் சுற்றிக் குடியிருப்பவர்கள். சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். சாமி மாறவில்லை, திருநீறு மாறவில்லை, பேச்சு மட்டும் மலாயாகிவிட்டது. அம்மா உடுத்தியது சரோங், கெபாயா. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலத்தில் முத்து முத்தாக எழுதுவார். ஆனால் கோயிலில் பாடுகிற பாட்டுகளை ரோமன் எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் பாடுவார். என்ன பாடுகிறோம் என்று அவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று பாடியவருக்கும் தெரியாது. வீட்டில் ஒருத்திக்காவது தெரியட்டும் என்று அவர் நினைத்தார். மூத்தவள் நான் என்பதால் என் தலையில் விழுந்தது.

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. ஜப்பான்காரன் போன பிறகு, நகரத்துத் தமிழ் வியாபாரிகள் சிலர் கமிட்டி அமைத்து, ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து நடத்தியது. அரசாங்கப் பள்ளி அல்ல, பாதிரிமார் பள்ளியும் அல்ல. காலையில் பசியாறும் மணி அடிக்கிறவரை எல்லாப் பாடமும் தமிழில். அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலத்தில். சின்ன வகுப்பிலிருந்து சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதித் தேர்வு வரை இதே முறைதான்.

அந்த வகுப்பறைகளின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஒரு சுவரில் தமிழ்க் கரும்பலகை இருக்கும். எதிர்ச் சுவரில் ஆங்கிலக் கரும்பலகை. பசியாறிவிட்டு வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து, அவரவர் மேசையையும் பெஞ்சையும் இருந்த இடத்திலேயே திருப்பிப் போட வேண்டும். தரையில் மரக்கால்கள் தேயும் அந்தக் கிறீச்சென்ற சத்தம் காஜா பெராங் சாலைவரை கேட்கும். காலையில் முதல் வரிசையில் இருந்தவன் பசியாறிய பின் கடைசி வரிசைக்காரன். காலையில் கடைசியில் இருந்தவள் பசியாறிய பின் ஆசிரியரின் மூக்குக்கு நேரே.

தமிழ் தெரியாத செட்டி வீட்டுப் பெண்ணை எங்கே உட்கார வைப்பார்கள்? கடைசியில்தான். தமிழ் வாத்தியார் என்னை ஒரு கேள்வி கேட்டார். நான் மலாயில் பதில் சொன்னேன். அவர் விரலை நீட்டிக் கடைசிப் பெஞ்சைக் காட்டினார். முதல் நாளே முடிந்துவிட்டது. முன் வரிசையில் கடைக்காரர்களின் பிள்ளைகள், நடுவில் கிராணிமாரின் பிள்ளைகள், கடைசியில் இலவச இடத்தில் படிக்கிறவர்கள். என் அப்பாவும் கிராணிதான், எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டித்தான் சேர்த்தார். ஆனால் நடு வரிசை எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் வாத்தியார் யோசிக்காத ஒன்று நடந்தது. பெஞ்சைத் திருப்பியதும் ஆங்கிலத்துக்கு நான் முதல் வரிசையில் இருந்தேன். ஆங்கில ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது நான். கேள்வி எனக்கு, திட்டு எனக்கு, பாராட்டும் எனக்கு. மூன்று வருடத்தில் என் ஆங்கிலம் கடைக்காரர் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் தாண்டிப் போய்விட்டது. என்னைத் தண்டிக்க நினைத்தவர் எனக்கு உதவி செய்துவிட்டார். அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

தமிழை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கடைசிப் பெஞ்சுதான். என் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பம். அவள் அப்பா நகரசபையில் சாலை வேலை செய்தார். இலவச இடம். வாயும் இலவசமாகக் கிடைத்தது போல ஓயாமல் பேசுவாள். என்னிடம் மலாய் கற்றுக்கொள்ள அவளுக்கு ஆசை, சந்தையில் பேரம் பேச.

“நீ எனக்கு மலாய் சொல்லிக் குடு, நான் ஒனக்குத் தமிழ் சொல்லித் தரேன். வாத்தியார் சொல்றது ஒனக்கு வெளங்காது லா. எனக்கே பாதி வெளங்கல” என்று பாதி கைஜாடையில் சொன்னாள். பேச்சின் வாலில் ‘லா’ ஒட்டுவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

அப்படித்தான் தொடங்கியது. வாத்தியார் முன்னால் நின்று செய்யுளைப் பதம் பிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் இவள் என் காதில், “ஏய், இந்தப் பக்கம் தள்ளி ஒக்காரு. பென்சில் குடு. எனக்குப் பசிக்குது. அவன் மூஞ்சியப் பாரு” என்று பாடம் நடத்துவாள். நான் முதலில் கற்ற தமிழ் பசியும் கோபமும் கிண்டலும்தான். எழுத்தைப் பலகையில் பார்த்துக் கற்றேன், பேச்சை அவளிடம் கற்றேன். வாத்தியார் கேட்டபோது எழுந்து, “தெரியல லா ஐயா” என்று முதன்முறையாக ஒரு முழுத் தமிழ் வாக்கியம் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். ரோத்தான் பிரம்பால் உள்ளங்கையில் இரண்டு விழுந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். நான் எதைச் சொன்னாலும் முதலில் திருத்துவார், பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்பார். வயிற்று வலி என்று சொன்னாலும் அப்படித்தான். ஒருமுறை வகுப்பில் பாம்பு வந்தது. நான் கத்தினேன். பாம்பு வெளியே போகும் முன்பே என் உச்சரிப்பைத் திருத்திவிட்டார். மற்றப் பிள்ளைகளும் தப்பும் தவறுமாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் பேசியது தவறான தமிழ். நான் பேசியதோ அவர் கணக்கில் தமிழே இல்லை.

ஆறாம் வகுப்பில் பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், ‘எங்கள் வீட்டில் பொங்கல்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார். அப்போது எனக்கு நன்றாக எழுத வந்துவிட்டது. ஆசையாக எழுதினேன். பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ‘பார்ச்சு’ நடக்கும். இறந்துபோனவர்களுக்குப் படைக்கிற நாள். வாழையிலை விரித்து, சோறும் மீன் குழம்பும் சம்பலும் பலகாரமும் வைப்போம். அவரவருக்கு என்ன பிடித்ததோ அதையெல்லாம் வைக்க வேண்டும். என் தாத்தாவுக்குப் பால் விடாத காப்பி. சாம்பிராணி போட்டுவிட்டு, அவர்களை வந்து சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கதவைத் தட்டுவார். தட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம், அவர்கள் சாப்பிட்டு முடித்து எழுந்துபோக நேரம் கொடுக்க வேண்டுமே. தம்பிக்கு எப்போதும் பயம், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன்.

வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். பாராட்டத்தான் படிக்கிறார் என்று முதல் பத்து வரி வரைக்கும் நம்பினேன். காப்பி வந்த இடத்தில் நிறுத்தி, முன் வரிசையைப் பார்த்து, “செத்தவருக்குக் காப்பி கலக்கிக் கொடுக்கிறார்களாம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நோட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய பூச்சியம் போட்டார்.

“இதெல்லாம் மலாய்க்காரப் பழக்கம். தமிழன் பழக்கம் இல்லை. பாடப்புத்தகத்தில் பொங்கல் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வா.”

மலாய்க்காரர்கள் பொங்கலுக்கு முதல் நாள் வாழையிலையில் படைக்கிறார்களா? எந்த மலாய்க்காரர்? கேட்கத் தோன்றியது, தமிழ் அவ்வளவு வேகமாக வாயில் வரவில்லை. அதற்குள் என் பக்கத்தில் இருந்தவள் எழுந்துவிட்டாள்.

“ஐயா, எங்க வீட்லயும் அப்பிடித்தான் ஐயா. படையல் போட்டுட்டு கதவச் சாத்திட்டு வெளிய நிப்போம். எங்கப்பாவோட அப்பாவுக்குக் கள்ளு வைப்போம் ஐயா.”

வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அவள் உள்ளங்கையிலும் இரண்டு விழுந்தது. முன்பு என் கையில் விழுந்ததைவிட அது எனக்கு அதிகம் வலித்தது. அவள் தமிழச்சியா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவள் சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றால், அவருக்குத் தமிழன் என்பவன் முன் வரிசையில் மட்டும்தான் இருக்கிறான் என்று எனக்கு அன்று விளங்கியது.

பாடப்புத்தகத்தில் இருந்த பொங்கலை நான் படித்துப் பார்த்தேன். வயல், அறுவடை, மாடு, மாட்டுக்குக் கொம்பில் வர்ணம். வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். ஒருவர் வீட்டிலும் மாடு கிடையாது. ஆனால் என்னுடையதைத் தவிர இருபத்தொன்பது நோட்டிலும் மாடு இருந்தது. கடைக்காரர் மகன் ஒருவன் தன் மாட்டுக்குப் பெயரே வைத்திருந்தான். அவனுக்கு நல்ல மார்க்.

மறுநாள் நான் அதே கட்டுரையை, அதே பார்ச்சுவை, ஒரு எழுத்து மாற்றாமல் புதுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். பூச்சியம், இரண்டு அடி. அடுத்த நாளும் அதையே எழுதினேன். பூச்சியம், நான்கு அடி. அதற்கடுத்த நாள் காப்பியோடு ஒரு பிஸ்கட்டும் சேர்த்தேன். அது மட்டும் பொய்; வேண்டுமென்றே சேர்த்தேன். ஒரு வாரம் இப்படியே போனது. கை வீங்கிப்போய், அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். காரணம் கேட்டாள், சொன்னேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கையைத் தேய்த்துக்கொண்டே, “தாத்தாவுக்குக் காப்பியில் சர்க்கரை கிடையாது, அதை எழுதினாயா?” என்று எங்கள் மலாயில் கேட்டாள். அடுத்த நாள் அதையும் எழுதினேன்.

கடைசியில் அப்பாவை வரச் சொல்லித் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். அப்பா அலுவலகக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். எனக்காக ஏதாவது சொல்வார் என்று வாசலில் நின்று காத்திருந்தேன். “ஐ ஆம் வெரி சாரி, சார்” என்றார். மூன்று தடவை சொன்னார். யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி வழி விடுகிற மனிதர் அவர். பிறகு என்னைப் பார்த்து, புத்தகத்தில் இருப்பதை எழுது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ரோத்தானுக்கு அழாதவள் அன்று அழுதேன். மாடு வைத்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே வெட்கப்படுகிற பக்கம் அதுதான்.

பிறகு சுதந்திரம் வந்தது. கொடி வந்தது, ஊர்வலம் வந்தது, பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு குவளை பாயசம் கொடுத்தார்கள். நாங்களும் தொண்டை வற்றக் கத்தினோம். மலாய் தேசிய மொழியானது. கமிட்டி அவசர அவசரமாக ஒரு மலாய் ஆசிரியரைக் கொண்டுவந்தது. இரண்டு சுவரும் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், மூன்றாவது கரும்பலகையை ஜன்னலை மறைத்து மாட்டினார்கள். அறை இருட்டானது. எப்படித் திருப்பினாலும் பெஞ்சுகள் அந்தப் பக்கம் ஒழுங்காக நிற்கவில்லை. ஒருவர் தோளுக்கு மேலே ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு மலாய் படித்தோம்.

இனி என் ராஜ்ஜியம்தான் என்று நினைத்தேன். வகுப்பில் மலாயை வீட்டில் பேசுகிறவள் நான் ஒருத்திதானே. மலாய் ஆசிரியர் என்னை எழுப்பி ஏதாவது பேசச் சொன்னார். அம்மா காலையில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது பாசார் மலாய், கடைத்தெருவில் பேசுவது, பரீட்சையில் இதை எழுதினால் பூச்சியம்தான் என்றார். நல்ல மனிதர், வேண்டுமென்று புண்படுத்தவில்லை. ஆனால் என் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பத்து மணிக்கு நான் மலாய்க்காரி என்று சிரித்தவர்கள், பன்னிரண்டு மணிக்கு எனக்கு மலாய் தெரியாது என்று சிரித்தார்கள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு சிரித்தால் நானும் அதற்குத் தகுந்தபடி கோபப்படலாம்.

என் பெஞ்சுக்காரி மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போனாள். அவள் இடம் காலியாக இருந்தது. நான் அங்கே யாரையும் உட்கார விடவில்லை, என் பையை வைத்துக்கொண்டேன்.

சீனியர் கேம்பிரிட்ஜ் வருடம் வந்தது. பரீட்சைக்குப் பெயர் பதியும் படிவத்தை எங்களுக்குக் கொடுத்தார்கள். எந்தெந்தப் பாடம் எழுதுகிறோம் என்று நாங்களே நிரப்பித் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். நான் தமிழ் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். தமிழ் என்ற இடத்தில் சிவப்புக் கோடு. மேலே மலாய் என்று அவர் கையெழுத்து. பக்கத்தில் தமிழ் வாத்தியார் நின்றிருந்தார்.

“ஒன் நன்மைக்குத்தான் சொல்றோம்மா. மலாய்னா நீ கண்ண மூடிட்டுப் பாஸ் பண்ணுவே. இனிமே வேலைக்கும் அதுதான் கேப்பாங்க. தமிழ்ல நீ தோத்தா பள்ளிக்கூடத்துக்குத்தானே கெட்ட பேரு” என்றார் தலைமையாசிரியர்.

“நான் தோக்க மாட்டேன் சார்.”

வாத்தியார் குறுக்கே வந்தார். “தோற்க மாட்டேன் என்று சொல். இதுகூட வரவில்லை. தமிழ்த்தாள் எழுதப் போகிறாளாம்.”

“நீங்க மட்டும் எழுதறாப்போலயே பேசறீங்க ஐயா. ஊர்ல வேற யாரும் அப்பிடிப் பேசல.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தலைமையாசிரியர் படிவத்தை மடித்து மேசைக்குள் வைத்தார். வாத்தியார் கையெழுத்துப் போடாமல் தமிழுக்குப் பெயர் கொடுக்க முடியாது, அவர் போட மாட்டார், விஷயம் முடிந்தது என்றார்.

பதினோரு வருடம். ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் அந்தத் தமிழ்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்தை எழுத்தாகப் பிடித்து, சொல்லைச் சொல்லாகச் சேர்த்து, வீட்டில் ஒருவரும் உதவ முடியாத மொழியை நான் சம்பாதித்திருந்தேன். மற்றவர்களுக்கு அது பிறந்தபோதே கிடைத்தது. எனக்கு அடி வாங்கிக் கிடைத்தது. அதைச் சான்றிதழில் பார்க்காமல் நான் விடுவதாக இல்லை. வேலைக்காக அல்ல, மார்க்குக்காக அல்ல. உனக்கு இது இல்லை என்று சொன்னவர்களின் கண்முன்னால் அது என்னுடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் என் பழைய பெஞ்சுக்காரியைப் பார்த்தேன். விடுமுறை நாள், வெள்ளைச் சீருடை இல்லாமல் வந்திருந்தாள். எல்லாம் சொன்னேன். அவள் கையிலிருந்த தேங்காய் மூடியால் என் தோளில் தட்டினாள்.

“ஏய், இதுக்கா அழுவுறே? எங்க ஆஸ்பத்திரில காயத்துக்குக் கட்டுப் போடுற டிரஸ்ஸர் ஒருத்தரு இருக்காரு. ஸ்கூலே போவாம தனியாப் பேரு குடுத்து இதே பரீட்ச எழுதுறாரு. கல்வி ஆபீஸ்ல பாரம் தராங்க. வாத்தியாரு கையெழுத்து ஒண்ணும் வேணாம். அப்பா கையெழுத்துப் போட்டாப் போதும் லா.”

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அவள் சொன்னது சரிதான். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. தமிழுக்கு மட்டும் தனியாக எழுத முடியாது; தனித் தேர்வர் என்றால் எல்லாப் பாடத்தையும் தனியாகத்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தின் பட்டியலிலிருந்து நான் வெளியே வர வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். அப்படியானால் நாளை முதல் இங்கே வர வேண்டாம், நம் சீருடையைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்கும் போகக் கூடாது, நன்னடத்தைச் சான்றிதழும் கிடைக்காது என்றார். குரலை உயர்த்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.  சரி சார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். பாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். தம்பி அதே பள்ளியில் இருக்கிறான், கமிட்டிக்காரர்களை அலுவலகத்தில் தினமும் பார்க்க வேண்டும், பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறாய் என்றார். மலாய் எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். நீங்கள்தானே என்னை அங்கே சேர்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். கோபம் எனக்கு, அவமானம் அவருக்கு. 

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என்ன காகிதம் என்று கேட்டாள். அப்பா சொன்னார். அவள் கையைச் சரோங்கில் துடைத்துக்கொண்டு, “தெக்கென் லா” என்றாள். கையெழுத்துப் போடு என்று அர்த்தம். பிறகு எங்கள் மலாயில் கேட்டாள்: “பதினோரு வருஷம் அந்தப் பள்ளிக்கு நடந்தது யார்? அவளா, அந்தத் தலைமையாசிரியரா?”

அப்பா போட்டார். அவருடைய கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்று கோணலாக இருந்தது.

கடைசி நான்கு மாதம் வீட்டிலேயே படித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. என் பெஞ்சுக்காரி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வாரம் ஒருநாள் வந்து, நான் எழுதிய கட்டுரைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவளுக்கு இலக்கணம் என்னைவிடக் குறைவு. ஆனால் ஒரு வாக்கியம் பொய்யாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். “இப்பிடி யாரு பேசுவா? அடிச்சிட்டு வேற எழுது” என்பாள். நான் எழுதக் கற்றது அங்கேதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பரீட்சைக்கு உடுத்த என்னிடம் நல்ல உடை இல்லை, சீருடை போடக் கூடாது என்றுவிட்டார்கள். அம்மா தன் கல்யாணத்துக்கு வாங்கிய கெபாயாவை எடுத்து, தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதை உடுத்திக்கொண்டுதான் தமிழ்த்தாளுக்குப் போனேன். மண்டபத்து வாசலில் நின்ற ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மலாய்த் தாள் அடுத்த கட்டடம் என்று மலாயில் சொன்னார். நான் தமிழ் எழுத வந்திருக்கிறேன், வழி விடுங்கள் என்று தமிழில் சொன்னேன். அவர் என் நுழைவுச் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உள்ளே என் வகுப்பார் எல்லாரும் வெள்ளைச் சீருடையில் ஒரு பக்கமாக இருந்தார்கள். நான் ஒரு போலீஸ்காரருக்கும் ஒரு தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று மணி நேரமும் யாரும் என்னைத் திருத்தவில்லை. கை வலிக்க வலிக்க எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

முடிவு தபாலில் வீட்டுக்கே வந்தது. எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். தமிழில் கிரெடிட். அதற்கும் மேலே டிஸ்டிங்ஷன் என்று ஒன்று உண்டு, அது எனக்கு வரவில்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. பள்ளிக்கூடத்தின் பட்டியலில் எழுதியவர்களில் தமிழில் பலர் வெறும் பாஸ், இருவர் தோல்வி, கிரெடிட் ஒருவரும் இல்லை என்று ஊரில் பேச்சு வந்தது. கேட்டு மகிழ்ந்தேன். நல்ல பெண்ணாக இருந்தால் மகிழ்ந்திருக்கக் கூடாது. மகிழ்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், தலைமையாசிரியரும் தமிழ் வாத்தியாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பெட்டி லட்டு. பதினோரு வருடத்தில் அவர்கள் அந்த வாசலை மிதித்ததில்லை. அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா தேநீர் கொண்டுவந்தாள்.

தலைமையாசிரியர் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். கமிட்டி அறையில் ஒரு பலகை இருக்கிறதாம், ஒவ்வொரு வருடமும் தமிழில் கிரெடிட் வாங்கியவர்களின் பெயரைப் பொன் எழுத்தில் எழுதுவார்களாம், பள்ளி தொடங்கியதிலிருந்து எந்த வருடமும் காலியாக இருந்ததில்லையாம். கமிட்டி கேட்கிறதாம்.

“நீயும் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே. ஒன் பேர அதில போட்டுடலாம். நீ ஒரு சம்மதக் கடுதாசி குடுத்தாப் போதும்” என்றார்.

வாத்தியார் தேநீரை ஆற்றிக்கொண்டே, “என் மாணவி” என்றார்.

அம்மாவுக்கு அவர்கள் தமிழ் விளங்கவில்லை. என்னவாம் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். “செக்காராங் பாரு மோ?” என்றாள். இப்போதுதான் வேண்டுமாக்கும் என்று அர்த்தம். மலாய் தேசிய மொழி ஆயிற்றே, வந்தவர்கள் இருவருக்கும் அது நன்றாக விளங்கியது. அப்பா எழுந்து மேசையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்தார். எடுத்து என் முன்னால் வைத்தார். எழுதிக் கொடு என்று சொல்வார் என்று நினைத்தேன். எதுவும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பேனாவைத் தொடவில்லை. வாத்தியாரைப் பார்த்து, என் பெஞ்சுக்காரி எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழில், அவள் பேசுகிற மாதிரியே சொன்னேன்.

“போட வேணாம் லா ஐயா. நான் வாங்குன கிரெடிட்டு ஒங்க பள்ளிக்கூடத்துது இல்ல. கடைசிப் பெஞ்சில ஒக்காந்திருந்தோமே ரெண்டு பேரு, எங்களுது.”

தலைமையாசிரியர் வாத்தியாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் அவருக்குப் பிடிக்காதது எவ்வளவோ இருந்தது, திருத்துவார் என்று காத்திருந்தேன். நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைத் தேடினார்.